விளம்பரம் ஓடுகிறது, ஆப் ஓடவில்லை: சின்ன ஏஜென்சிக்கு அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கொழும்பில் நாலைந்து பேர் இருக்கும் ஏஜென்சி என்றால் வேலைப் பிரிவினை பெயருக்குத்தான். ஒரு மேசையில் ஆப் எழுதுகிறார்கள், பக்கத்து மேசையில் பேஸ்புக் விளம்பரம் போடுகிறார்கள், போஸ்டர் செய்கிறவரே எஸ்எம்எஸ் வாசகமும் எழுதிவிடுவார். வெள்ளவத்தைப் புடவைக் கடை முதலாளி கோல் எடுத்து "தம்பி, ஆப் வேலை செய்யுதில்லை" என்கிறார். அது எந்த மேசையின் வேலை என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் உடனே தெரியாது. ஆப் மேசை சேர்வரைப் பார்க்கப் போகும், விளம்பர மேசை பட்ஜெட்டைக் கூட்டும். பிழையோ பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வேலை மாறுகிற இடத்தில் கிடக்கும். சைனிங் கீ (ஆப் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை), லிங்க், நேர வலயம், எழுத்துரு, போன் இலக்கம் எழுதும் முறை, இப்படிச் சின்ன விஷயங்கள்தான்.

எதையும் தொடுவதற்கு முன் நாலு கேள்வி. எந்தப் போன், எந்த ஆண்ட்ராய்டு? ஆப்பை எங்கிருந்து எடுத்தார்: பிளே ஸ்டோரா, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பா? வைஃபையா டேட்டாவா, எந்த நெட்வொர்க்? எப்போதிலிருந்து இப்படி, அன்றைக்கு நாம் எதை மாற்றினோம்? இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், திரையைப் பதிவு செய்த வீடியோ கேளுங்கள். பிழை வருவதற்கு முந்தின மூன்று விநாடிதான் நமக்குத் தேவை.

நம்முடைய போனில் லாகின் ஆகிறது, பிளே ஸ்டோரில் எடுத்தவருக்கு ஆகவில்லை

இன்ஸ்டால் விளம்பரம் தொடங்கிய அன்றே தலைகாட்டும் பிழை இது. இன்ஸ்டால் எண்ணிக்கை ஏறும், பதிவு செய்தவர் எண்ணிக்கை அசையாது. ஆபீசில் யாருடைய போனில் பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெளியே இருப்பவர் கூகுள் லாகின் பட்டனை அழுத்தினால் கணக்கைத் தெரிவு செய்யும் பெட்டி வரும், தொட்டதும் மறைந்துவிடும். லாக்கில் 10 என்ற பிழை இலக்கம் இருக்கும்.

ஒரு ஆப்புக்கு மூன்று கீ உண்டு. டெவலப்பரின் கணினியில் சோதனைக்கு இருப்பது டீபக் கீ. பிளே கன்சோலுக்கு (கூகுள் பிளேயில் ஆப்பை வெளியிடும் தளம்) ஏற்றும்போது இடுவது அப்லோட் கீ. மூன்றாவதைக் கூகுளே வைத்திருக்கிறது; மக்களுக்குப் போகும் பிரதியில் அதைத்தான் இடுகிறது. 2021 ஓகஸ்டிலிருந்து புதிய ஆப்களை ஆப் பண்டில் (கூகுளே பிரதி செய்து முத்திரை இடும் தொகுப்பு) வடிவில்தான் ஏற்றலாம் என்று ஆனதால், மூன்றாவது கீ இல்லாத புதிய ஆப் கிடையாது. லாகினுக்குப் பயன்படுத்தும் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் முதல் இரண்டு கீயின் எஸ்ஹெச்ஏ-1 ஃபிங்கர்பிரிண்ட் (கீயை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் இருந்தால், கடைக்கு வந்த வாடிக்கையாளரின் போனில் இருக்கும் ஆப்பைக் கூகுளுக்கு யாரென்றே தெரியாது.

பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்துக்குப் போய் அங்குள்ள எஸ்ஹெச்ஏ-1, எஸ்ஹெச்ஏ-256 இரண்டையும் எடுத்து ஃபயர்பேஸ் புரொஜெக்ட் செட்டிங்ஸில் சேருங்கள். பெரும்பாலும் புதிய பில்ட் தேவைப்படாது, சிறிது நேரத்தில் லாகின் வேலை செய்யத் தொடங்கும்.

அதோடு எழும்பிப் போய்விடாதீர்கள். இதே கீ இன்னும் நாலு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பேஸ்புக் லாகினுக்கான கீ ஹாஷ். கூகுள் மேப் கீயைக் குறிப்பிட்ட ஆப்புக்கு மட்டும் என்று பூட்டியிருந்தால் அந்தப் பூட்டு (வரைபடம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக வந்தால் இதுதான்). விளம்பர லிங்கை அழுத்தினால் நேராக ஆப் திறக்க வேண்டும் என்று இணையதளத்தில் வைத்த அசெட்லிங்க்ஸ் கோப்பு. ஓடிபியைத் தானாக வாசிப்பதற்காக எஸ்எம்எஸ்ஸின் கடைசியில் சேர்க்கும் 11 எழுத்துக் குறியீடு. இந்த நாலுமே கீ மாறினால் மாறும்.

இதற்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான்: வாடிக்கையாளர் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்யப் போனால் "ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை" என்று வரும். முதலாளி பழைய ஏபிகே (ஆப் நிறுவல்) கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார், அது அப்லோட் கீ இட்ட பிரதி. கீ வேறு என்பதால் ஒன்றின் மேல் மற்றது ஏறாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆப்புக்குள் மட்டும் சேமித்த தரவு அதோடு போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளையன்டுக்குப் பார்க்கக் கொடுக்க பிளே கன்சோலின் இன்டெர்னல் டெஸ்டிங் இருக்கிறது, 100 பேர் வரை சேர்க்கலாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பும் பழக்கத்தை ஆபீசில் தடை செய்வதே உத்தமம். விளம்பரத்துக்குப் பணம் போகும் முன் ஒருவராவது பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, புதுக் கணக்கில் பதிவு செய்து, ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

டீபக்கில் ஓடுகிறது, ரிலீஸில் வெறும் திரை

ஆப் ஃப்ளட்டர் என்ற கட்டமைப்பில் எழுதியது என்றால் முதலில் மெயின் மேனிஃபெஸ்ட் கோப்பை (ஆப்புக்கு என்ன அனுமதி வேண்டும் என்று எழுதும் இடம்) திறவுங்கள். இன்டர்நெட் பர்மிஷன் டீபக், புரொஃபைல் இரண்டின் மேனிஃபெஸ்டிலும் தானாக இருக்கும், மெயினில் நாம்தான் எழுத வேண்டும். ஒரு வரி.

அது இருந்தும் தரவு வரவில்லை என்றால் ஆர்8 சுருக்குதலை (கோட்டைச் சிறிதாக்கிப் பெயர்களை மாற்றும் வேலை) ஒருமுறை நிறுத்திப் பில்ட் செய்து பாருங்கள். சரியாக ஓடினால், ஜேசன் தரவைப் பொருளாக மாற்றும் ஜாவா, கோட்லின் கிளாஸ்களின் பெயரை அது மாற்றிவிட்டது என்று அர்த்தம், அவற்றைத் தொடாதே என்று கீப் விதி எழுதுங்கள். சுருக்குதலை நிறுத்தியபடியே வெளியிட்டுவிடாதீர்கள், மலிவான போனில் ஆப்பின் எடை உடனே தெரியும்.

பிரவுசரில் சேர்வர் முகவரி திறக்கிறது, ஆப்பில் மட்டும் எஸ்எஸ்எல் பிழை என்றால் சேர்வரில் இடைச் சான்றிதழ் வைக்கப்படவில்லை. கணினியில் உள்ள பிரவுசர் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு ஆப் எடுக்காது. ஹோஸ்டிங்கில் முழுச் சங்கிலிக் கோப்பைப் போட்டால் முடிந்தது. முகவரி இன்னும் பாதுகாப்பில்லாத ஹெச்டிடிபியாக இருந்தால், ஆண்ட்ராய்டு 9 முதல் அது இயல்பாகவே தடுக்கப்படும். அதற்கு விலக்கு எழுதுவதை விடச் சான்றிதழ் போடுவது இலகு.

ஓடிபி வரவில்லை, அல்லது வந்தும் பயனில்லை

முதலில் இலக்கத்தைப் பாருங்கள். ஒரே மனிதர் 077 என்று தொடங்குவார், +94 77 என்று தொடங்குவார், 94 என்று போட்டுவிட்டுப் பூச்சியத்தையும் விடமாட்டார். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வருவது ஆப்பின் வேலை, ஆளின் வேலை அல்ல. பழைய கோட்டில் 071, 072, 077, 078 மட்டும் செல்லும் என்று எழுதி வைத்திருப்பார்கள். 070, 074, 075, 076 வைத்திருப்பவருக்கு "தவறான இலக்கம்" என்று வரும், அவர் நம்மிடம் முறையிடக்கூட மாட்டார், ஆப்பை அழித்துவிடுவார். விளம்பரப் பக்கத்துக்கும் இதே நோய் உண்டு. வாட்ஸ்அப் லிங்கில் 94க்குப் பிறகு பூச்சியம் இருந்தால் அந்த இலக்கம் வாட்ஸ்அப்பில் இல்லை என்று காட்டும். கிளிக்குக்குப் பணம் கொடுத்தாயிற்று, ஆள் திரும்பிப் போய்விட்டார்.

ஓடிபி தமிழிலோ சிங்களத்திலோ போகிறதா? தானாக வாசிக்கும் வசதிக்கு எஸ்எம்எஸ் 140 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடில் அது 70 குறியீடுதான். அந்த 11 எழுத்தும் இலக்கமும் போக மிச்சத்தில் வாழ்த்துரை எழுத இடமில்லை. "உங்கள் குறியீடு" என்று நிறுத்துங்கள்.

இனி, பிடிக்கக் கஷ்டமான ஒன்று. ஓடிபி வருகிறது, ஆள் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து வாசித்துவிட்டுத் திரும்பினால் ஆப் முதல் பக்கத்தில் நிற்கிறது. புதிய ஓடிபி கேட்கிறது. திரும்பவும் அதே கதை. ஆபீஸ் போன்களில் ஒருநாளும் இது நடக்காது. ராம் குறைந்த போனில், வேறொரு ஆப்புக்குப் போன உடனே ஆண்ட்ராய்டு நம்முடைய ஆப்பை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுகிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே" என்ற தெரிவை இயக்கினால் உங்கள் விலையுயர்ந்த போனும் மலிவுப் போன் போல நடந்துகொள்ளும். அதை இயக்கிவிட்டு முழுப் பதிவையும் ஒருமுறை செய்து பாருங்கள். எந்தப் பக்கத்தில் இருந்தார், எந்த இலக்கத்துக்கு ஓடிபி போனது என்ற இரண்டையும் சேமித்து வைத்தால் பிரச்சினை தீரும்.

கார்டில் பணம் செலுத்தும்போதும் இதேதான். வங்கியின் ஓடிபி பக்கம் வெப்வியூவில் (ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் சாளரம்) திறந்திருக்கும், ஆள் எஸ்எம்எஸ் பார்க்கப் போவார், வருவதற்குள் வெப்வியூ செத்திருக்கும். இங்கே இன்னொரு வில்லங்கம் சேரும்: பணம் கழிந்துவிட்டது, ஆர்டர் இல்லை. ஆர்டரை உறுதி செய்வதை "நன்றி" பக்கத்தில் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பக்கத்துக்கு ஆள் வந்து சேர்வார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேமென்ட் கேட்வே நம்முடைய சேர்வருக்கு நேராக அனுப்பும் அறிவிப்பை வைத்தே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு முகவரி வெளியே இருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். டெவலப்பரின் மடிக்கணினி முகவரி அப்படியே உள்ளே போய்விட்ட ஆப்களும் உண்டு. வந்த கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள், அதே அறிவிப்பு இரண்டு தரம் வந்தால் இரண்டு ஆர்டர் போடாதீர்கள்.

நோட்டிபிகேஷன் போகவில்லை

ஒருவருக்குமே போகவில்லையா, சிலருக்கு மட்டுமா? இது தெரியாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

ஒருவருக்குமே இல்லை, முன்பு போனது என்றால் சேர்வரில் பழைய ஃபயர்பேஸ் வழிமுறை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சேர்வர் கீ முறையை 2024 நடுப்பகுதியிலிருந்து கூகுள் நிறுத்திவிட்டது. புதிய முறைக்குச் சேவைக் கணக்கின் கோப்பு வேண்டும். எப்போதோ செய்து கொடுத்து, பராமரிப்புக் காசு வாங்காமல் விட்ட ஆப்களில்தான் இது வரும்.

சிலருக்கு மட்டும் என்றால் ஆண்ட்ராய்டு 13ஐ நினையுங்கள். அதிலிருந்து நோட்டிபிகேஷனுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஆப் திறந்த முதல் விநாடியிலேயே கேட்டால் மக்கள் வேண்டாம் என்று அழுத்துவார்கள். ஆர்டர் போட்ட பிறகு "பொருள் எங்கே வருகிறது என்று சொல்லட்டுமா" என்று கேட்டால் சம்மதிப்பார்கள். சவ்மி, ஓப்போ, விவோ போன்ற போன்களில் பேட்டரி சேமிப்பும் ஆட்டோஸ்டார்ட்டும் தனிக் கதை, ஆளே செட்டிங்ஸில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஆப்புக்குள் தமிழில் ஒரு சின்ன வழிகாட்டி வைப்பதை விட நம்மால் செய்யக்கூடியது அதிகமில்லை.

தமிழ் எழுத்து உடைகிறது

இது ஒரு பிழை அல்ல, நாலு பிழை. எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி, யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துரு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சகங்கள் எத்தனையோ வருடமாகப் பாமினியில் தட்டியவை. முதலாளி பழைய துண்டுப்பிரசுரத்தின் கோப்பை அனுப்புவார், வடிவமைப்பாளர் அப்படியே நகலெடுத்து ஆப்பில் ஒட்டுவார். யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். மாற்றிய பிறகு ஒருவர் வாசித்தே ஆக வேண்டும், கிரந்த எழுத்திலும் நிறுத்தற்குறியிலும் சறுக்கும்.

"கொ" என்று எழுதினால் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நின்றால் அது போட்டோஷொப்பின் வேலை. பாரக்ராஃப் பகுதியின் மெனுவில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் டைப் செட்டிங்ஸில் இந்திய மொழித் தெரிவுகளைக் காட்டச் சொல்லி, தெற்காசியக் கம்போஸருக்கு மாற்றுங்கள். எழுத்துருவை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், குற்றம் எழுத்துருவில் இல்லை.

எழுத்து சரி, ஆனால் "கி", "கீ" போன்றவற்றின் மேல் சுழி வெட்டுப்பட்டால் வரி உயரம் போதவில்லை. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த உயரத்தில் தமிழ் அடங்காது. நிலையான உயரம் கொடுத்த பட்டன்களை எல்லாம் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளர விடுங்கள். அகலமும் அப்படியே. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் பட்டன் தமிழில் "தொடர்ந்து செல்லவும்" என்று நீண்டுவிடும். நான் இதில் வடிவமைப்பை அல்ல, வாசகத்தைத்தான் முதலில் குறை சொல்வேன். "தொடர்க" என்று எழுதினால் என்ன?

நாலாவது, உடைவது எழுத்தல்ல, பட்ஜெட். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துப் போகும். ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடாகி 70 ஆகச் சுருங்கும், நீண்ட செய்தி என்றால் ஒரு பகுதிக்கு 67. அந்த எண்ணிக்கையும் நாம் கண்ணால் எண்ணுவது போல் அல்ல. "வணக்கம்" நமக்கு 5 எழுத்து, நெட்வொர்க்குக்கு 7, புள்ளிகள் தனிக்கணக்கு. 150 குறியீட்டுத் தமிழ்ச் செய்தியை 5,000 பேருக்கு அனுப்பினால் 15,000 எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போகும். ஆங்கிலச் செய்தியின் பில்லும் திடீரென்று எகிறினால், வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி எங்கோ இருக்கிறது என்று தேடுங்கள்.

கிளிக் மழை, பதிவு பூச்சியம்

முதல் சந்தேகம் விளம்பரத்தின் இலக்கில். கிளிக் வேண்டும் என்று கேட்டால் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மேட்டா கிளிக் செய்கிறவர்களைத் தேடித் தரும், வாங்குகிறவர்களை அல்ல. ஆப்புக்குள் பதிவு அல்லது ஆர்டர் நிகழ்வை அனுப்பி, அதை இலக்காக வையுங்கள். அதற்கும் ஒரு அளவு உண்டு. யாருக்குக் காட்டுவது என்று ஒரு விளம்பரத் தொகுப்பு கற்றுத் தேற வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகள் தேவை. சின்னப் பட்ஜெட்டை எட்டுத் தொகுப்பாகப் பிரித்தால் எட்டும் கற்றுக்கொண்டே இருக்கும். ஒன்றாகவோ இரண்டாகவோ சேருங்கள்.

அப்புறம் எங்கே காட்டப்பட்டது என்று பாருங்கள். கிளிக் விகிதம் வானத்தில், பக்கத்தில் தங்கிய நேரம் ஒரு விநாடி என்றால் ஆடியன்ஸ் நெட்வொர்க்கிலோ கூகுள் டிஸ்ப்ளேயிலோ (இரண்டும் பிறருடைய ஆப்களில் விளம்பரம் காட்டுபவை) ஏதோ விளையாட்டு ஆப்பில் பிள்ளைகளின் விரல் பட்டிருக்கிறது.

கூகுள் தேடல் விளம்பரத்தில் கொழும்பு என்று போட்டும் சென்னையிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் கிளிக் வருகிறதா? இடத் தெரிவு இயல்பாகவே "அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்கள்" என்று இருக்கும். தமிழ் வார்த்தைகளுக்கு விளம்பரம் போடும் நமக்கு இது பெரிய ஓட்டை, ஏனென்றால் கொழும்பில் ஆர்வமுள்ள தமிழர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். "அங்கே இருப்பவர்கள்" என்று மாற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்குக் கேக் அனுப்புகிறவர்களுக்கான கடை என்றால் மட்டும் விட்டுவைக்கலாம், அப்போதும் தனிப் பிரசாரமாக.

மேட்டாவில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போட்டால் ஆட்கள் எண்ணிக்கை கிணற்றுத் தவளை அளவுக்குச் சுருங்கும். கொட்டாஞ்சேனையில் தமிழ் பேசுகிறவர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார். மொழியைத் திறந்து விடுங்கள், விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரிந்தவர் நிற்பார்.

கடைசியாக லிங்கை நீங்களே பேஸ்புக் ஆப்புக்குள் அழுத்திப் பாருங்கள், குரோமில் அல்ல. பேஸ்புக் தன் சொந்தப் பிரவுசரில் பக்கத்தைத் திறக்கும். அங்கே கூகுள் லாகின் வைத்திருந்தால் 403 என்று கூகுள் மறுத்துவிடும், வெப்வியூவுக்குள் அது அனுமதிப்பதில்லை. விளம்பரப் பக்கத்தில் போன் இலக்க லாகின் மட்டும் வையுங்கள். த்ரீவீலர் ஸ்டிக்கரிலும் பழைய போஸ்டரிலும் அச்சிட்ட கியூஆர் திறக்கவில்லை என்றால், அது ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்காக இருக்கலாம். 2025 ஓகஸ்ட் 25 அன்று அந்தச் சேவை மூடப்பட்டது. ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது. இனிமேல் அச்சுக்குப் போகும் எந்தக் கியூஆரும் கிளையன்டின் சொந்த டொமைனில் இருக்கட்டும், பின்னால் எங்கே திருப்புவது என்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று ரிப்போர்ட், மூன்று எண்ணிக்கை

மாதக் கடைசியில் முதலாளி கேட்பார்: பேஸ்புக் 90 என்கிறது, கூகுள் அனலிட்டிக்ஸ் 60 என்கிறது, என்னுடைய பில் புத்தகம் வேறொன்று சொல்கிறது, எது உண்மை? பில் புத்தகம்தான் உண்மை. ஆனால் வித்தியாசம் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த மாதக் காசு வராது.

முதலில் நேரம். விளம்பரக் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருந்தால், அதன் புதிய நாள் நமக்குப் பிற்பகல் 1.30க்குத் தொடங்கும், அவர்களின் கோடைகாலத்தில் 12.30க்கு. சனிக்கிழமை காலை விற்பனை வெள்ளிக்கிழமைக் கணக்கில் விழும். அனலிட்டிக்ஸில் நேர வலயத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அதுவும் லாஸ் ஏஞ்சலிஸில்தான் கிடக்கும். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) என்றால் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரையான ஆர்டர்கள் முந்தின நாளுக்குப் போகும். அனலிட்டிக்ஸில் மாற்றலாம், மாற்றிய நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். மேட்டாவில் நேர வலயத்தை மாற்றப் புதிய விளம்பரக் கணக்கே திறக்க வேண்டும். ஆகவே புதுக் கிளையன்டுக்குக் கணக்குத் திறக்கும் அன்றே கொழும்பு என்று போடுங்கள்.

அடுத்தது உரிமை கொண்டாடுதல். விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், கிளிக் செய்யாமல் பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினாலும் மேட்டா தன் கணக்கில் எழுதும். பார்த்ததை அனலிட்டிக்ஸ் எண்ணாது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு ஐபோன்காரர் அனுமதி மறுத்தால் மேட்டா ஓரளவு கணித்தே எழுதுகிறது. இதில் நாம் திருத்த ஒன்றுமில்லை, எந்த எண்ணைக் கொண்டு நம் வேலையை அளப்பது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் உடன்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நாம் திருத்தக்கூடியது ஒன்று உண்டு. லிங்கில் யூடிஎம் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறிச்சொல்) வைத்தும் அனலிட்டிக்ஸில் "நேரடி" என்று வந்தால், நடுவில் ஏதோ ஒரு திருப்பல் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியிலிருந்து இல்லாததற்குப் போகும் திருப்பல். விளம்பரத்தில் கடைசி முகவரியையே போடுங்கள்.

லீட் வருகிறது, எடுத்தால் ஆள் இல்லை

லீட் என்பது விளம்பரத்தின் ஃபோர்மில் பெயரும் இலக்கமும் விட்டுச் செல்பவர். மேட்டா ஃபோர்மில் இலக்கம் தானாக நிரப்பப்படும், அது அவர் எப்போதோ பேஸ்புக்கில் கொடுத்த பழைய இலக்கமாக இருக்கலாம். அனுப்பும் முன் சரிபார்க்கச் சொல்லும் ஃபோர்ம் வகைக்கு மாற்றுங்கள். லீட் குறையும், எடுத்தால் ஆள் பேசுவார். நல்ல லீட்டும் இரண்டு நாள் கழித்து அழைத்தால் ஆறிப்போகும். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்தின மாலை லீட் விளம்பரத்தை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம், அழைக்க ஆள் இல்லாத நாளில் எதற்கு?

விளம்பரம் சட்டென்று நின்றுவிட்டது

கார்டைப் பாருங்கள். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு வங்கியில் இயக்கப்பட்டிருக்கிறதா, நாளாந்த எல்லை தாண்டியதா. நிலுவையைச் செலுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஓடும். அவசரத்தில் நண்பரின் கார்டைப் போடுவதும் புதிய கணக்குத் திறப்பதும்தான் கணக்கையே பூட்ட வைக்கும். நிராகரிப்பு என்றால் வாசகத்தைப் பாருங்கள். "உங்களுக்கு நீரிழிவா?" என்று வாசகரின் உடல்நிலையைச் சுட்டிக் கேட்பது மேட்டாவில் செல்லாது, "நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவு" என்றால் செல்லும்.

பேஜின் அட்மின் கடையை விட்டு விலகிப்போன ஒரு தம்பியாக இருந்தால் தொழில்நுட்பம் உதவாது, அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பேஜ், விளம்பரக் கணக்கு, பிளே கணக்கு, டொமைன் நான்கும் முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும், நமக்கு அனுமதி மட்டும்.

பிளே கன்சோல் அப்டேட்டை ஏற்கவில்லை

2025 ஓகஸ்ட் 31 முதல் புதிய ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்டு 15ஐ, அதாவது ஏபிஐ 35ஐ இலக்காகக் கொள்ள வேண்டும். எண்ணை மாற்றி ஏற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த எண்ணோடு ஆண்ட்ராய்டு 15 போனில் திரை விளிம்பு வரை விரியும், கீழே உள்ள "ஆர்டர் செய்க" பட்டன் நேவிகேஷன் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அடுத்த நாள் விளம்பர மேசை "கன்வர்ஷன் விழுந்துவிட்டது" என்று வாசகத்தை மாற்றிக்கொண்டிருக்கும். பாவம்.

முதல் முறை வெளியிடவே விடவில்லை என்றால் கணக்கைப் பாருங்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்த பிறகுதான் அனுமதி கேட்கலாம். தீபாவளிக்கு வெளியிட வேண்டிய ஆப்புக்கு இதை முதல் நாளே நாட்காட்டியில் குறியுங்கள். நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான உலக அடையாள எண்) வேண்டும், அது கைக்கு வரவும் காலம் எடுக்கும்.

பிறந்தநாள் வாழ்த்து ஒரு நாள் பிந்துகிறது

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த தேதியை எடுத்துத் தள்ளுபடி எஸ்எம்எஸ் அனுப்பும் கடைகளுக்கு மட்டும். இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அதில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். நெட்டாண்டு அல்லாத வருடத்தில் பிறந்தவருக்குச் சாதாரண நாட்காட்டிக் கணக்குப் போட்டால், 061 என்பது மார்ச் 1க்குப் பதில் மார்ச் 2 ஆகிவிடும், டிசம்பர் 31இல் பிறந்தவர் அடுத்த ஆண்டுக்கே போவார். பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும், கழிக்காவிட்டால் அவர்களுக்கு வாழ்த்தே போகாது. 9 எண்ணும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய வடிவம், 2016இலிருந்து வரும் 12 எண் புதிய வடிவம், இரண்டையும் ஏற்க வேண்டும். திருத்திய பிறகு பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய மூன்று நாளுக்கும், ஆண் பெண் இருபாலுக்கும், பழைய புதிய இரு வடிவத்துக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பும் பட்டனைத் தொடுங்கள்.